‘இல்லை’ என்றுதான் அழுத்தினாள்

அலுவலகத்தில் அவனைப் பொறுமை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையோடு சரி. "அவன் தலையில மிளகாய் அரைச்சாக்கூட, அம்மி ஆடக் கூடாதேன்னு கழுத்தை விறைப்பா வெச்சுக்குவான்" என்று எவரோ ஒருமுறை சொல்லிவைக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. அவனும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் பெயர் பொருந்தாமல் போயிருக்கும்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது அந்த நிறுவனம். மருத்துவமனைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தருவது தொழில். அவன் எழுதியவற்றிலேயே மனத்துக்கு நெருக்கமானது குரல் சேமிப்பு. தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று ஆனவர்கள், அறுவைக்கு முன்னால் ஒரு சின்ன அறையில் மைக்கின் முன் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் படிப்பார்கள். பிற்பாடு அந்தப் பதிவுகளைக் கொண்டு கணினி ஒரு குரலைச் செய்யும். குரல் போனவர் கைப்பேசியில் எழுதினால், அது அவருடைய பழைய குரலிலேயே பேசும். அச்சு அசல் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் அடுத்த அறையிலிருந்து கேட்டால் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெரிய மருத்துவமனையில் அந்தப் பதிவறையைப் பார்த்துக்கொண்டவள் அவன் மனைவி. சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுக்கப் போன இடத்தில்தான் பழக்கம். "சாஃப்ட்வேர் பிடிக்கல, போட வந்த ஆளைப் பிடிச்சிருக்கு" என்று அவள் தன் அக்காவிடம் சொன்னாளாம். கல்யாணம் ஆன புதிதில் சாப்பிட உட்கார்ந்தால் போதும், அந்த பட்டன் ஏன் அங்கே இருக்கிறது, இந்த எழுத்து ஏன் இவ்வளவு சின்னது என்று ஆரம்பித்துவிடுவாள். சோறு ஆறிப்போகும். கடைசியில், சாப்பாட்டு மேசையில் வேலைப் பேச்சு எடுப்பதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்.

அந்த ஒப்பந்தம் ஒரே ஒருவருக்காகத்தான் முறிந்தது. அவர் மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர். மைக்கின் முன் வந்து உட்கார்ந்த முதல் நாளே, "இது எதுக்கும்மா? நான் வாயைத் தொறந்தா துறைமுகத்துல நிக்கிற படகு திரும்பிப் பார்க்கும்" என்று மைக்கைத் தள்ளி வைத்தவர். 'இன்று வானம் மேகமூட்டமாக இருக்கிறது' என்ற வாக்கியத்தைப் படிக்கச் சொன்னால், அந்த வானத்தையே கூடையில் வைத்து விற்கிற மாதிரி படிப்பார். "ஐயா, கொஞ்சம் மெதுவா, வீட்டுல பேசற மாதிரி" என்று அவள் சொன்னால், "வீட்டுல எனக்குப் பேச வாய்ப்பு எங்கம்மா குடுத்தாங்க?" என்பார். அவர் மனைவி இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. இருந்த ஒரே மகளை 'வாலு' என்று கூப்பிடுவார். ஒவ்வொரு நாளும் படித்து முடித்ததும், "வாலு, அப்பா முடிச்சுட்டேன்டி, வண்டியை எடு" என்று மைக்கிலேயே சொல்வார். அதுவும் பதிவாகும். அவள் அதை அழிக்காமல் விட்டுவைப்பாள்.

இரவுச் சாப்பாட்டில் அவர் சொன்னதையெல்லாம் அவரைப் போலவே அவள் சொல்லிக் காட்ட, பொறுமை சிரித்துச் சிரித்துப் புரையேறுவான். அவரை அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு மாமாவைப் போல அவரை அறிந்திருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் மெசேஜ் பாக்ஸ் வேலை வந்தது.

கணினித் திரையில் ஜன்னல்களையும் பட்டன்களையும் வரைய எல்லாரும் ஒரு டூல்கிட்டைப் பயன்படுத்துவார்கள். தச்சருக்கு உளிப்பெட்டி மாதிரி. 'அழிக்கவா?', 'மூடிவிடவா?' என்று கேட்கிற சின்னப் பெட்டிகள், அதாவது மெசேஜ் பாக்ஸ்கள், அதனுள் ஆயத்தமாகவே இருக்கும். ஆனால் நிறுவனம் தொடங்கிய காலத்தில் இளரத்தமாக இருந்த பொறுமை, அந்தப் பெட்டிகள் அழகாக இல்லை என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெட்டியைக் கையாலேயே செய்துவைத்திருந்தான். இப்போது டூல்கிட்டின் புதிய பதிப்பு வந்ததும் அவையெல்லாம் தகராறு செய்தன. ஒன்று பெரிய ஜன்னலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, கணினியே உறைந்துபோன மாதிரி பயமுறுத்தியது. இன்னொன்றில் எழுத்து பாதியில் வெட்டுப்பட்டது. பார்வை இல்லாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் கருவியால் எதையும் படிக்க முடியவில்லை.

குழுவின் தலைவி முடிவெடுத்தாள். அவளுக்கு அலுவலகத்தில் மேலிடம் என்று பெயர். "எல்லாத்தையும் தூக்கிடுங்க. டூல்கிட்ல இருக்கற மெசேஜ் பாக்ஸையே போடுங்க. பட்டனும் அதுல இருக்கறதுதான். ஆமா, இல்லை, ரத்து. வேற எதுவும் வேணாம்."

அவனுக்கு அதில் வருத்தமே இல்லை. சொல்லப்போனால் சந்தோஷம்தான். தான் எழுதியதைத் தானே வெட்டி எறிவதிலும் ஒரு சுகம் உண்டு. பக்கம் பக்கமாக இருந்த கோட் போய், அந்த இடத்தில் ஒற்றை வரி வந்து உட்கார்ந்தது. வீட்டை ஒழித்துப் பரணைக் காலி செய்த மாதிரி இருந்தது. முடிக்கும்போது ஒரே ஒரு பெட்டி மிஞ்சியது.

குரல் பதிவை அழிக்கும் இடம் அது. பழைய பெட்டியில் மூன்று பட்டன்கள் இருந்தன. 'இதை மட்டும் அழி', 'இவருடைய எல்லாவற்றையும் அழி', 'விட்டுவிடு'. எல்லாவற்றையும் அழிக்கும் வழி எதற்கு என்றால், சிலர் பாதியில் மனம் மாறி, என் குரல் யாரிடமும் இருக்க வேண்டாம் என்பார்கள். குரலும் கைரேகை மாதிரிதானே. அப்படிக் கேட்டால் மிச்சம் மீதி இல்லாமல் அழித்தாக வேண்டும் என்பது மருத்துவமனையின் விதி.

அவன் மேலிடத்தின் மேசைக்குப் போய் நின்றான்.

"மேடம், இந்த ஒண்ணுல மட்டும் பட்டன்ல வேற எழுத்து வெச்சுக்கலாமா?"

"எது?"

"பதிவை அழிக்கிற இடம். அங்க மூணு வழி இருக்கு. ஆமா, இல்லைன்னு கேட்டா சரியா வராது."

"அதுலயும் மூணு பட்டன் இருக்கே. ஆமா, இல்லை, ரத்து."

"இருக்கு. ஆனா 'இல்லை'ன்னா எல்லாத்தையும் அழின்னு ஆயிடும் மேடம்."

"அதைக் கேள்வியிலயே எழுதிடு."

"கேள்வியை யாரும் படிக்க மாட்டாங்க. பட்டனைத்தான் பார்ப்பாங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கெட்டவள் இல்லை. வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கும் காய்ச்சல், இங்கே நான்கு மருத்துவமனைகள் தொலைபேசியில். "இதோ பார். ஆமா, இல்லைன்னா எல்லா மொழியிலயும் டூல்கிட்டே மாத்திக் குடுத்துடும். நீ புதுசா எழுதினா ஒவ்வொரு மொழிக்கும் நான் ஆள் தேடணும். இன்னிக்கு உனக்கு விட்டா, நாளைக்கு ஒன்பது பேர் வந்து நிப்பாங்க. நான் யாருக்குன்னு முடியாதுன்னு சொல்றது?"

பொறுமை திரும்பி வந்து எழுதினான்: 'இந்தப் பதிவை மட்டும் அழிக்கவா? இல்லை என்று அழுத்தினால் இவருடைய எல்லாப் பதிவுகளும் அழிந்துவிடும்.' மனத்துக்கு ஒப்பவில்லை. ஒன்றுமில்லாததற்கு இதாவது இருக்கட்டும் என்று விட்டான்.

அதுவும் நிலைக்கவில்லை. வாசகங்களைச் சரிபார்ப்பவர் வேறொரு ஊரில் இருந்தார், வருஷத்துக்கு ஒருமுறைகூடக் கண்ணில் படாதவர். ஒரு பெட்டியில் ஒரு கேள்விதான் இருக்க வேண்டும் என்ற சட்டப்படி இரண்டாம் வரியை வெட்டிவிட்டார். இவன் எழுதிக் கேட்டதற்கு, உதவிப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. உதவிப் பக்கத்தை உலகத்தில் எவரும் திறந்து பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. மறுபடி மேலிடத்திடம் போனான். அவள் கைப்பேசியைக் காதில் வைத்தபடியே, 'அப்புறம்' என்று கையைக் காட்டினாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஊரோடு ஒத்துப் போ என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். புதிய பதிப்பு மருத்துவமனையில் பயன்பாட்டுக்கு வர மாதக் கடைசி ஆகும். அதற்கு முன் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஒப்பந்தம் கெட்டாலும் பரவாயில்லை, சாப்பிடும்போதே சொல்லிவிடலாம்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவு மாதக் கடைசிவரை காத்திருக்கவில்லை. பழைய டூல்கிட்டில் ஏதோ பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று எங்கிருந்தோ எச்சரிக்கை வர, வந்த பதிப்பை வந்த அன்றே எல்லாக் கணினிகளிலும் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை அவன் தேநீரோடு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தபோது மனைவி அழைத்தாள். வேலை நேரத்தில் அழைக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"என்னங்க, வேலையா இருக்கீங்களா?"

"இல்ல, சொல்லு."

"காலையிலேருந்து இங்க பாக்ஸ் எல்லாம் வேற மாதிரி வருது."

"அதுக்குள்ள போட்டுட்டாங்களா?"

"ஒண்ணு கேக்கணும். இருமல் விழுந்த வரி ஒண்ணு இருந்துச்சு, அதை அழிக்கப் போனேன். பார்த்தா கர்சர் அதுக்குக் கீழ இருக்கற நல்ல வரியில போய் நின்னிருக்கு. 'இந்தப் பதிவை மட்டும் அழிக்கவா'ன்னு கேட்டுச்சு. ஐயோ, இது வேணாமேன்னு 'இல்லை'ன்னு அழுத்தினேன்." அவள் மூச்சு விட்டாள். "'இல்லை'ன்னுதான் அழுத்தினேன். நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா இப்ப பக்கமே காலியா இருக்கு. திருப்பிக் கொண்டுவர எதை அழுத்தணும்?"

வெட்டப்பட்ட அந்த இரண்டாம் வரி அவன் கண்முன் வந்து நின்றது.

"என்னங்க, இருக்கீங்களா?"

"யாரோடது?"

அந்தப் பக்கம் விசையை மறுபடி மறுபடி தட்டும் ஓசை கேட்டது.

"யாரோடதுன்னு கேக்கறேன்ல?"

"ஏலக்காரரோடது."

"எதையும் தொடாதே. கையை எடுத்துடு. வர்றேன்."

மாடிப்படியில் இறங்கும்போது, கையில் தேநீர்க் கோப்பை இன்னும் இருப்பதைக் கண்ணாடிக்கடைக்காரர் சொல்லித்தான் கவனித்தான். அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு ஓடினான்.

மருத்துவமனையின் அடித்தளத்தில், குளிரூட்டி இரைகிற ஓர் அறையில் சர்வர்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்பவர் வயதில் மூத்தவர், பதற்றம் என்றால் என்னவென்று அறியாதவர். மூன்று இடங்களில் நகல் வைக்கும் ஏற்பாடு உண்டு. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"மூணுலயும் இல்லைங்க."

"அழிச்சாலும் டிஸ்க்குல தடயம் இருக்கும். அதை எடுக்கற ஆளுங்க இருக்காங்க."

"அதுக்கு மேல வெத்து எழுதி மெழுகியிருக்கே. ஒரு தரம் இல்ல, பல தரம்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "அழின்னா எலும்புகூடக் கிடைக்காத மாதிரி அழிக்கணும்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே தம்பி? அது சொன்ன சொல் தவறல."

அவன்தான் எழுதியிருந்தான். அந்தப் பகுதியை எழுதி முடித்தபோது மேலிடம் எல்லாருக்கும் கேக் வாங்கித் தந்தாள்.

மேலே பதிவறையில் மனைவி அவன் சொன்னபடியே எதையும் தொடாமல், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"போன வாரமே அவருக்கு ஆபரேஷன் ஆயிடுச்சுங்க" என்றாள். அவனுக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் சொன்னாள். "மறுபடியும் வந்து படிங்கய்யான்னு கூப்பிட முடியாது."

சுத்தம் செய்த பதிவுகளை அன்று மாலை குரல் செய்யும் பிரிவுக்கு அனுப்புவதாக இருந்தாள். அதற்காகத்தான் இருமலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பேச்சுப் பிரிவின் டாக்டரம்மா, மறைக்கக் கூடாது, இன்றே சொல்லிவிடலாம் என்றார். அவன் தானும் வருகிறேன் என்று மனைவியோடு போனான். ஏலக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவ்வளவு சின்ன உருவமாக இருப்பார் என்று அவன் நினைத்திருக்கவில்லை. கழுத்தின் அடியில் துளை, அதைச் சுற்றி வெள்ளைத் துணி. மகள் பக்கத்தில் நின்று ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள், அவரால் சாப்பிட முடியாது என்பதை மறந்துவிட்டவள் போல.

டாக்டரம்மா சொன்னார். சுற்றி வளைக்காமல், மெதுவாகச் சொன்னார். ஏலக்காரர் முதலில் மகளைப் பார்த்தார், தான் சரியாகக் கேட்டோமா என்பது போல. பிறகு பதிவறைக்காரியைப் பார்த்தார். அவள், "ஐயா, நான்" என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

அவர் முதுகை நிமிர்த்தினார். நெஞ்சு விம்மியது. கை மேலே எழுந்தது, சந்தையில் விலை கூவும்போது எழுவது போல. வாயைத் திறந்தார். கழுத்து நரம்புகள் புடைத்தன, முகம் சிவந்தது, உதடுகள் வேகவேகமாக அசைந்தன. துளையிலிருந்து காற்று மட்டும் சீறியது. துணி படபடத்தது. அவர் நிறுத்தவில்லை. மூச்சு தீர்ந்து, மறுபடி இழுத்து, மறுபடியும் தொடர்ந்தார். அறையில் காற்றின் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

பொறுமை தரையைப் பார்த்தான்.

"அப்பா திட்டறாரு" என்றாள் மகள். "நிமிர்ந்து பாருங்க. சத்தம் வரலைன்னாலும் அது திட்டுதான்."

நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் ஓயும்வரை இருவரும் நின்று அதை வாங்கிக்கொண்டார்கள். ஓய்ந்ததும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

நடைவழியில் மகள் பின்னாலேயே வந்தாள். கோபமாகத்தான் வருகிறாள் என்று நினைத்தார்கள். அவள் பதிவறைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, தினமும் முடிக்கறப்ப என்னைக் கூப்பிடுவாராமே. அப்பா சொல்லியிருக்காரு. அது உள்ள இருக்கு, அப்புறம் கேட்டுக்கோன்னாரு. நீங்க கேட்டிருக்கீங்கல்ல?"

"கேட்டிருக்கேன்."

"எப்படிச் சொல்லுவாரு?"

வீட்டில் அவரைப் போல எத்தனை முறை பேசிக் காட்டியிருப்பாள். இப்போது வாயைத் திறந்தாள். "வாலு, அப்பா முடிச்சுட்டேன்டி…" என்று சொன்னாள். அது அவளுடைய குரலாகவே வந்தது. மகள் தலையை ஆட்டிவிட்டுக் கையை விட்டாள்.

அலுவலகத்தில் மேலிடம் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் அப்படியே அமர்ந்துவிட்டாள். கண் கலங்கியது. அது நடிப்பில்லை. ஆனால், நம் பெட்டியில்தான் தவறு என்று மருத்துவமனைக்கு எழுதலாம் என்று அவன் சொன்னபோது, அவள் முகத்தில் வேறொரு கணக்கு ஓடியது.

"எழுதிக் குடுத்தா மத்த ஆஸ்பத்திரிங்க என்ன சொல்லுவாங்க? இங்க இத்தனை பேர் வேலை பாக்கறாங்க. வக்கீல் வாயைத் திறக்காதேன்னுட்டாரு."

"அப்ப பழி அவ மேல விழும் மேடம்."

"நீ பேசறதை யார் நம்புவாங்க? பொண்டாட்டியைக் காப்பாத்தப் பேசறான்னுதான் சொல்லுவாங்க. வேற யாராவது சொன்னாலாவது ஒரு மதிப்பு இருக்கும்."

வேறு யாரும் சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் தோளைத் தட்டினார்கள், காபி வாங்கித் தந்தார்கள், தங்கள் திரைக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது.

அவனே மருத்துவமனைக்கு எழுதினான். விசாரணைக்கு வரச் சொன்னார்கள். நீளமான மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் நிர்வாக அதிகாரி, பல்லில் வலி இருப்பவர் போல எப்போதும் ஒரு கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். பழைய பெட்டி, புதிய பெட்டி, வெட்டப்பட்ட வரி.

அவர் பொறுமையாகக் கேட்டார். "புருஷன் பொண்டாட்டிக்காகப் பேசறது நியாயம்தான். நானா இருந்தாலும் பேசுவேன். ஆனா உங்க கம்பெனி அப்படிச் சொல்லலையே? உதவிப் பக்கத்துல இருக்குன்னு எழுதியிருக்காங்க." அவளிடம் திரும்பினார். "கேள்வியைப் படிச்சீங்களாம்மா?"

"படிச்சேன் சார்."

"'மட்டும்'னு ஒரு சொல் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இதை மட்டும் அழிக்கவான்னு கேட்டிருக்கு. நீங்க இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. அப்ப இது மட்டும் இல்லை, எல்லாம்னுதானே ஆகுது?"

அவள் அவரையே பார்த்துக் கேட்டாள். "சார், உங்க வீட்டுல 'ஒரு காபி மட்டும் போடவா'ன்னு கேக்கறாங்க. நீங்க இல்லைன்னு சொல்றீங்க. ஊருக்கே போடுன்னா அர்த்தம்?"

ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கிக் குனிந்தார். நிர்வாக அதிகாரியும் கன்னத்திலிருந்து கையை எடுத்துப் புன்னகைத்தார். நல்ல கேள்வி என்றார். இயந்திரத்துக்கு அதெல்லாம் தெரியாதே என்றார். பிறகு, கவனக்குறைவு என்று எழுதி, அவளைப் பதிவறையிலிருந்து எடுத்து வெளிநோயாளிகள் பெயர் பதியும் கவுன்டரில் போட்டார். வேலை போகாததே பெரிது என்று உறவினர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அவன் வேலையை விடப்போவதாகச் சொன்னான். அவள்தான் தடுத்தாள். "நீங்க விட்டுட்டா அந்த பாக்ஸை யாரு மாத்துவாங்க?" என்றாள். அது உண்மைதான். ஆனால் அதை மாற்றவும் அவன் தேவைப்படவில்லை. அடுத்த பதிப்பில் மேலிடமே சத்தமில்லாமல் அந்த இடத்தில் வேறு பட்டன்களை வைத்துவிட்டாள். இரண்டு வரிகூட ஆகவில்லை. மாற்றங்களைப் பற்றிய குறிப்பில், 'சிறு திருத்தங்கள்' என்று போட்டிருந்தது.

இடையில் மகள் ஒரு முயற்சி செய்தாள். சந்தைக்குப் போய், யார் யார் கைப்பேசியில் அப்பா இருக்கிறாரோ அவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கிவந்தாள். மீன்காரர்கள் கை கழுவிவிட்டு, பழைய வீடியோக்களைத் தேடித் தேடிக் கொடுத்தார்களாம். பொறுமை விடுமுறை நாட்களில் உட்கார்ந்து அவற்றைச் சுத்தம் செய்தான். ஐஸ் உடைக்கிற சத்தத்தை எடுத்தால் காக்கை கத்தியது, காக்கையை எடுத்தால் லாரி உறுமியது. எல்லாவற்றையும் எடுத்தபோது குரலில் பாதியும் கூடவே போயிருந்தது. மிஞ்சிய குரல் கூவுவதைத் தவிர எதையும் அறியாதது.

அதைக் கொண்டு ஒரு குரல் செய்து, அவர் வீட்டுக்கே எடுத்துப் போனார்கள். அவர் கதவைத் திறந்துவிட்டார். உட்காருங்கள் என்று கையைக் காட்டவில்லை. ஆனால் போகவும் சொல்லவில்லை. மகள் கைப்பேசியில், 'மாத்திரை போட்டுவிட்டேன்' என்று எழுதினாள். கருவி வாய் கிழியக் கூவியது. நல்ல மாத்திரை, இப்போதே வந்தால் கிடைக்கும் என்பது போல இருந்தது. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'தூங்கப் போகிறேன்' என்று எழுதினாள். அதுவும் ஏலத்துக்கு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. அவர் எழுந்து வந்து, அவள் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி அணைத்தார். அணைத்துவிட்டு, அவள் தலைமேல் கையை வைத்தபடி அவர்கள் இருவரையும் பார்த்தார். போங்கள் என்று அந்தப் பார்வைக்குப் பொருள். போனார்கள்.

பிறகு அவர் கைப்பேசியோடு வருகிற குரலையே வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டார்கள். திருத்தமான, சந்தையே பார்த்திராத ஓர் ஆணின் குரல். பலருடைய கைப்பேசியில் வழி சொல்வதும் அதே குரல்தான்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை, வேலை முடிந்து அவளை அழைத்துப் போக மருத்துவமனை வாசலில் நின்றான். அவள் கைப்பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தவள், அவன் கிளப்பப் போகும்போது தோளைத் தொட்டாள்.

"இன்னிக்கு அவரு வந்தாரு. செக்கப்புக்கு."

அவன் வண்டியை அணைத்தான்.

"உன்னைப் பார்த்தாரா?"

"என் கவுன்டர்லதான் வரிசை. பேரைக் கேட்டேன், போனைக் காட்டினாரு. பதிஞ்சு குடுத்தேன்."

"ஏதாவது சொன்னாரா?"

மழை ஹெல்மெட்டில் சொட்டியது. பின்னாலிருந்து ஒரு ஆம்புலன்ஸ் ஒலி எழுப்ப, வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டான்.

"டாக்டர் எத்தனை மணிக்கு வருவாருன்னு கேட்டுச்சு" என்றாள். "கேட்டாருன்னு சொல்லணும்னுதான் பார்க்கறேன். வாயில வரமாட்டேங்குதுங்க."